கிணறு ஏரிக்குள் விழுந்த கதை: அரசின் திறந்த நிலத்தரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலை, குழாய், கிணறு, காடு என்று அரசு திறந்து வைத்திருக்கும் வரைபடத் தரவை இறக்கி வேலை தொடங்கும் புதியவர்களைப் பார்த்தால், பழைய என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஜிப்பைப் பிரிக்காமல் திறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தானாகத் தெளியும்.

ஆயத்தொலை முறையை ஊகிப்பது

போன வாரம் ஒரு தம்பி திரையைக் காட்டினார். கண்காணிப்புக் கிணறுகளில் பாதி ஏரிக்குள் கிடந்தன. “தரவே தப்புண்ணா” என்றார். தரவு சரிதான். ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்போடு, அதன் ஆயத்தொலை முறையை (எண்கள் பூமியில் எந்த இடத்தைக் குறிக்கின்றன என்ற விதியை) சொல்லும் பிஆர்ஜே கோப்பும் வரவேண்டும், வரவில்லை. எந்த முறை என்று மென்பொருள் கேட்டபோது, பழக்கதோஷத்தில், ஜிபிஎஸ் பயன்படுத்தும் முறையின் எண்ணான இபிஎஸ்ஜி 4326-ஐத் தட்டிவிட்டார். அந்தப் புள்ளிகளோ பழைய டேட்டத்தில், அதாவது இடங்களை அளக்க அடிப்படையாக வைக்கும் பழைய பூமி மாதிரியில், அளந்தவை. பாகை எண்கள் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பூமியின் வடிவத்தை வேறு மாதிரி வைத்துக் கணக்கிட்டவை. தரையில் சில நூறு மீட்டர்கூடத் தள்ளிப்போகும்.

அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நான் செய்தது இதைவிட மோசம். ஒரு குழாய்ப்பாதை லேயரை (வரைபட அடுக்கை) புது டேட்டத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ‘ரீப்ரொஜெக்ட் லேயர்’ என்பதற்குப் பதிலாக ‘செட் லேயர் சிஆர்எஸ்’ஸை (சிஆர்எஸ் என்றால் ஆயத்தொலை முறை) அழுத்திவிட்டேன். முன்னது எண்களைக் கணக்கிட்டு மாற்றும். பின்னது ஜாடியில் இருப்பதை மாற்றாமல் மேலே ஒட்டிய சீட்டை மட்டும் மாற்றும். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. களத்துக்குப் போனவர்கள் இரண்டு நாள் தோண்டியும் குழாய் அகப்படவில்லை. அதற்குள் அந்தக் கோப்பை மூன்று பேருக்கு அனுப்பியிருந்தேன். தப்பான சீட்டோடு அது இன்னும் எங்கெங்கே சுற்றுகிறதோ, நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

இப்போதெல்லாம் லேயரின் வெவ்வேறு மூலைகளில் மூன்று சாலைச் சந்திப்புகளை எடுத்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்த்துவிடுகிறேன். மூன்றும் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் பெரும்பாலும் டேட்டம்தான் காரணம். ஆளுக்கொரு பக்கம் விலகினால் வரைந்தவர் கை.

உயரத்திலும் இதே வம்பு உண்டு. ரைன் ஆற்றின் மீது லாஃபன்பர்க்கில் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் கட்டிய பாலம் தெரிந்திருக்கலாம். இரு நாட்டின் கடல்மட்டக் கணக்குக்கும் 27 செ.மீ. வித்தியாசம் என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். திருத்தத்தைக் கூட்டல் கழித்தல் மாற்றிப் போட்டதில் அது 54 செ.மீ. ஆகிவிட்டது, 2003-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

காலியிடத்தை எண்ணாக எடுத்துக்கொள்வது

2000-ம் ஆண்டு விண்கலத்திலிருந்து ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத்தரவின் பழைய பதிப்புகளில், அளக்க முடியாத மலைச்சரிவுகளில் −32768 என்று இருக்கும். அது உயரம் இல்லை. சராசரி எடுப்பதற்கு முன் நீக்குங்கள். அப்புறம், காட்டுப் பகுதியில் அது காட்டுவது தரையை அல்ல, பெரும்பாலும் மரத்தலையை ஒட்டிய உயரத்தை.

அளவுக்கு மீறிப் பெரிதாக்குவது

1:50,000 வரைபடத்தில் 1 மி.மீ. என்றால் தரையில் 50 மீட்டர். அதை வைத்து வேலி எல்லை பேசாதீர்கள்.

நீளமான பத்தித் தலைப்பு

தரவு அட்டவணையின் பத்திப் பெயர்களை ஷேப்ஃபைல் பத்து எழுத்தோடு வெட்டிவிடும். ஜியோபேக்கேஜ் என்ற வேறு வகைக் கோப்பில் சேமியுங்கள்.

உரிமம்

இறக்குவதற்கு முன்பே படியுங்கள்.

வெப் மெர்கேட்டரில் பரப்பளவு

இணைய வரைபடங்களில் வழக்கமாக இருக்கும் இந்த முறையில், 60 பாகை அட்சரேகையில் காடு நான்கு மடங்காகக் காட்டும். அதில் பரப்பளவை அளக்கவே அளக்காதீர்கள்.