செட்டிநாட்டு பழைய வீட்டுக்கு வெயில் தாங்குற சன்னல், எதை மாத்தலாம் எதை விடலாம்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பழைய வீடு வச்சிருக்கவங்க ஒரு ரூமுக்கு ஏசி போட்டதும் அடுத்து கேக்குறது சன்னலையும் யூபிவிசிக்கு, அதாவது கெட்டி பிளாஸ்டிக் சட்டத்துக்கு மாத்திரலாமான்னு தான். மாத்தலாம், ஆனா எல்லாத்தையும் மாத்த வேணாம், நிலையோட பேக்கவே பேக்காதீங்க. அந்த பர்மா தேக்கு இப்ப காசு குடுத்தாலும் லேசுல கெடைக்காது, பேத்தா நேரா முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைக்கு தான் போகும். சன்னல் கதவை மட்டும் பாருங்க. பொதுவீடா இருந்தா அதுக்கு முன்னாடி பங்காளிககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, அப்பறம் சண்டை வேணாம்.

முதல்ல திசை. நம்ம வீடுக பெரும்பாலும் கெழக்கு மேக்கா நீளமா கட்டுனது, நீள செவுரு வடக்கயும் தெக்கயும் இருக்கும், அங்க வெயில் உச்சியில இருந்து வர்றதால சன்ஷேடும் செவுத்து கனமுமே முக்கால்வாசி தடுத்துரும். தொல்லை மேக்க தான், சாயங்கால வெயில் சாஞ்சு வந்து சன்ஷேடுக்கு கீழ நேரா உள்ள பூந்துரும். செலவு பண்றதுன்னா அங்க பண்ணுங்க. வளவு, அதாவது நடு முற்றத்து பக்கம் பாத்த சன்னலை தொடவே வேணாம், வீட்டுக்கு காத்தே அது வழியாத்தான். தெறந்து வச்சு காத்து வாங்குற ரூமுக்கு டபுள் கிளாஸ், அதாவது நடுவுல இடைவெளி விட்ட ரெண்டு தகடு கண்ணாடி போடுறது தண்டச் செலவு.

ஏசி ரூமுக்கு கண்ணாடி வாங்கும்போது கடையில யூ வேல்யூ யூ வேல்யூன்னு பேசுவாங்க, உள்ளயும் வெளியயும் இருக்குற சூட்டு வித்தியாசத்துல கண்ணாடி வழியா எவ்வளவு சூடு கடக்குதுங்குற கணக்கு அது, குளிர் ஊருக்கு தான் ரொம்ப முக்கியம், நம்ம மொதல்ல கேக்க வேண்டியது எஸ்எச்ஜிசி, அதாவது கண்ணாடியில படுற வெயில் சூட்டுல எவ்வளவு உள்ள வருதுங்குற கணக்கு. 6 எம்எம் சாதா கண்ணாடிக்கு சுமாரா 0.8 இருக்கும், 0.3 பக்கத்துல கெடைச்சா நல்லது. கூடவே விஎல்டியும் கேளுங்க, வெளிச்சம் எவ்வளவு உள்ள வருதுங்குற கணக்கு அது, ரொம்ப கம்மியா இருந்தா பகல்லயே லைட்டு போடணும்.

டபுள் கிளாஸை லோ-ஈ கோட்டிங்னு, அதாவது சூட்டை திருப்பி அனுப்புற மெல்லிசு பூச்சுன்னு சொல்லி குடுத்தா நம்பிட்டு வந்துராதீங்க, வெளிப்பக்கம் நின்னு லைட்டரை பத்தவச்சு கண்ணாடி கிட்ட புடிச்சா நாலு சுடர் தெரியும், அதுல ஒண்ணு மட்டும் வேற கலர்ல இருக்கும், வெயிலை தடுக்குற கோட்டிங்னா அது உங்க பக்கத்துல இருந்து ரெண்டாவதா இருக்கணும். நாலும் ஒரே கலரா? சாதா கண்ணாடி தான்.

டபுள் கிளாஸை பழைய தேக்கு கதவு சட்டத்துலயே மாட்டலாமான்னு ஆசாரி யோசிக்கணும், 5 எம்எம் ரெண்டு தகடுன்னா சதுர மீட்டருக்கு 25 கிலோ, பழைய கீலு தாங்குமா பாருங்க. தாங்காதுன்னா கோட்டிங் உள்ள ஒத்த கண்ணாடியே போதும். புதுசா கதவே செய்யுறீங்கன்னா அலுமினியம் சூட்டை கடத்தும், யூபிவிசி இல்ல மரம் தேவல. சிலைடிங் பாதி தான் தெறக்கும், கரண்டு போனா கஷ்டம், அதனால கதவு மாதிரி முழுசா தெறக்குறதா வாங்குங்க.

இவ்வளவு செலவுக்கு முன்னாடி ஃபேனை நிறுத்தி சன்னல் ஓரமா ஊதுபத்தி புடிச்சு பாருங்க, புகை ஆடுற இடத்துல ரப்பர் கேஸ்கெட் ஒட்டுங்க. மேக்க சன்னலுக்கு வெளிய மூங்கில் தட்டி கட்டுங்க, உள்ள போடுற கர்ட்டனை விட பல மடங்கு மேல், ஏன்னா சூடு கண்ணாடியை தாண்டுறதுக்கு முன்னாடியே நின்னுரும்.

ஆர்டர் குடுக்கும்போது பழைய நிலை எதுவும் சரியான சதுரமா இருக்காது, அகலம் ஒசரம் ரெண்டையும் மூணு எடத்துல அளந்து இருக்கறதுலயே சின்ன அளவை குடுங்க, பில்லுல எஸ்எச்ஜிசி நம்பரை எழுதி வாங்கிக்கங்க.