போட்டுக்கு புது ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் வாங்கியாச்சா, டிரம்முல ஓட்டிப் பாத்துட்டு நம்பிடாதீங்க

அமெரிக்கால பாஸ் போட்னு ஒண்ணு உண்டு, ஏரில பாஸ் மீனுக்கு தூண்டில் போடுறதுக்குன்னே தாழ்வா செஞ்ச போட், அதுக்கு 150, 200, 250 ஹெச்பின்னு மாட்டுவாங்க. நம்மகிட்ட இருக்கிறது எண்ணூர் ஆத்துலயும் பழவேற்காட்டுலயும் கொடுவா மீனுக்கு லூர், அதாவது பொய் இரை, போட போற 20 அடி ஃபைபர் போட், 20 ஹெச்பி பெட்ரோல் அவுட்போர்டு, அதாவது பின் பலகைல வெளிய மாட்டுற என்ஜின். ஹெச்பி தான் வேற, டெஸ்ட் பண்ற முறை ரெண்டுக்கும் ஒண்ணே தான். போன வருஷம் எனக்கும் என் கூட்டாளிங்க ரெண்டு பேருக்கும் புது என்ஜின் மாட்டினதுல கத்துக்கிட்டத எழுதுறேன். லட்சக்கணக்குல காசு போட்டு வாங்குற பொருள், முதல் 20 மணி நேரத்துல நாம என்ன பண்றோமோ அது தான் அதோட ஆயுசு.

முதல்ல கடைலருந்து கொண்டு வர்றதுலயே கவனம் வேணும். பழைய டூ ஸ்ட்ரோக்க எந்தப் பக்கம் வேணா குட்டி யானைல படுக்க வெச்சு கொண்டாந்திருப்போம், ஃபோர் ஸ்ட்ரோக்க அப்படி வைக்கக் கூடாது. எந்தப் பக்கம் படுக்க வைக்கணும்னு என்ஜின் மேலயே ஸ்டிக்கர் இருக்கும், மாத்தி வெச்சா ஆயில் சிலிண்டருக்குள்ள எறங்கிடும். இன்னொண்ணு, நிறைய என்ஜின் கம்பெனிலருந்து வரும்போது உள்ள ஆயிலே இருக்காது. கடைல ஊத்தினாங்களான்னு வாய் வார்த்தைல கேட்டுக்காம, என்ஜின நட்டமா நிறுத்தி டிப்ஸ்டிக்க இழுத்து நீங்களே பாருங்க. என்ன கிரேடுன்னு மேனுவல்ல போட்டிருக்கும், நான் 10டபிள்யூ-30 ஊத்துறேன், அதுவும் அவுட்போர்டுக்குன்னு விக்கிற ஆயில் தான், பைக் ஆயில் இல்ல. டூ ஸ்ட்ரோக்குக்கு பண்ற மாதிரி பெட்ரோல்ல டூ டி ஆயில் கலக்குற பழக்கத்த மொத்தமா விட்டுடணும். மண்ணெண்ணெய் இருந்த கேன தொடவே தொடாதீங்க, பெட்ரோலுக்குன்னு தனி கேன் வாங்கிக்கோங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, அது காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், தண்ணி அதிகமா சேந்தா அடில தனியா பிரிஞ்சு நிக்கும். நம்ம கடல் காத்துக்கு பாதி கேன் பெட்ரோல ஒரு மாசம் வெச்சிருக்கிறது தப்பு. கேனுக்கும் என்ஜினுக்கும் நடுவுல தண்ணி பிரிக்கிற ஃபில்டர் ஒண்ணு போட்டுட்டா நிம்மதி.

மாட்டுற உயரம். இதுல தான் பாதி பேர் கோட்டை விடுறாங்க. விசிறிக்கு, அதாவது ப்ரொப்பெல்லருக்கு, மேல ஒரு தட்டையான தகடு இருக்குமில்ல, அது போட்டோட அடிப்பாகத்துக்கு நேரா இல்லன்னா ஒரு இஞ்ச் வரைக்கும் கீழ இருக்கணும். அதுக்கு மேல போச்சுன்னா திரும்பும்போதும் அலைல தூக்கும்போதும் விசிறி காத்து பிடிச்சு என்ஜின் வீல்னு கத்தும், போட் நகராது. ரொம்ப கீழ போனா தண்ணிய இழுத்துக்கினு போகும், வேகம் வராது. ஷார்ட் ஷாஃப்ட் 15 இஞ்ச் பலகைக்கு, லாங் 20 இஞ்சுக்கு, அதனால வாங்கறதுக்கு முன்னாடியே பின் பலகைய டேப் வெச்சு அளந்துட்டு போங்க. கிளாம்ப் ஸ்க்ரூவ கையால முறுக்கினா போதும்னு நினைக்காதீங்க, ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு பலகையோட சேத்து முறுக்கிடுங்க, முதல் ஒரு மணி நேரம் ஓடினதும் மறுபடி ஒரு தடவ முறுக்கணும், ஏன்னா கண்டிப்பா தளரும்.

டிரம்முல தண்ணி ரொப்பி ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவாங்க, அது ஸ்டார்ட் ஆகுதா, தண்ணி அடிக்குதான்னு பாக்க மட்டும் தான், அங்க வேகம் குடுக்கக் கூடாது. தண்ணி இல்லாம சும்மா அஞ்சு செகண்ட் ஓட்டிப் பாக்கலாம்னு யாராச்சும் சொன்னா கைய பிடிச்சு நிறுத்துங்க, வாட்டர் பம்ப் உள்ள இருக்கிறது ரப்பர் இம்பெல்லர், வறட்டுல சுத்தினா கருகிடும்.

முதல் நாள் கடலுக்கு போகாதீங்க. எண்ணூர் ஆத்துலயே காலைல காத்து எழும்பறதுக்கு முன்னாடி, ஏத்தம் இருக்கிற நேரமா பாத்து இறக்குங்க. வத்தத்துல போனா மண்மேடு தட்டும், சேறையும் அனல் மின் நிலைய சாம்பலையும் பம்ப் இழுத்துக்கும், அந்தத் தண்ணி எப்படி இருக்குன்னு நான் சொல்லித் தெரிய வேணாம். கப்பல் வர்ற வழி பக்கம் போகக் கூடாது. துணைக்கு ஒருத்தர், துடுப்பு, நங்கூரம், லைஃப் ஜாக்கெட் இருக்கணும், என்ஜின நிறுத்துற சிவப்பு கயிறு மணிக்கட்டுல மாட்டியிருக்கணும். அந்த கயிற முதல்லயே ஒரு தடவ இழுத்துப் பாத்துடுங்க, என்ஜின் அந்த நிமிஷமே நிக்கணும்.

பெட்ரோல் கேன் மூடில இருக்கிற காத்து திருகாணிய திறந்துட்டீங்களான்னு பாருங்க. என் கூட்டாளியோட புது என்ஜின் கரெக்டா பத்து நிமிஷம் ஓடி நின்னுடுச்சு, மறுபடி எடுத்தா மறுபடி நின்னுடுச்சு, கம்ப்ளெயின்ட் குடுக்க போனே கைல எடுத்துட்டான். கூட வந்த மாமா பெட்ரோல் குழாய்ல இருக்கிற ரப்பர் பல்ப தொட்டுப் பாத்தாரு, அது சப்பையா ஒட்டிக்கினு இருந்துச்சு. "டேய், கேனு மூச்சு விட முடியாம கெடக்குதுடா, திருகாணிய தொற"ன்னாரு. திறந்ததும் புஸ்ஸுனு காத்து உள்ள இழுத்துச்சு, அவ்ளோ தான் விஷயம்.

ஸ்டார்ட் ஆனதும் முதல் வேலை பின்னாடி பீச்சுற தண்ணிய பாக்கறது. சில செகண்ட்ல வந்துடணும், விடாம ஒரே சீரா வரணும். கைய காட்டிப் பாருங்க, வெதுவெதுப்பா இருந்தா சரி. கை சுடுற அளவுக்கு இருந்தாலோ விட்டு விட்டு வந்தாலோ உடனே நிறுத்தி என்ஜின தூக்கிப் பாருங்க, நம்ம ஆத்துல பத்துக்கு எட்டு தடவ பிளாஸ்டிக் கவரோ வலைத் துண்டோ தான் தண்ணி இழுக்கிற சல்லடை ஓட்டைல ஒட்டியிருக்கும்.

ரன்னிங் இன் எப்படின்னா, என் மேனுவல் படி முதல் ஒரு மணி நேரம் 2000 ஆர்பிஎம் பக்கம், அதாவது பாதி த்ராட்டில். ரெண்டாவது மணி 3000, முக்கால் த்ராட்டில். அடுத்த எட்டு மணி நேரம் எப்படி வேணா ஓட்டலாம், ஆனா முழுசா திருகி அஞ்சு நிமிஷத்துக்கு மேல பிடிக்கக் கூடாது. இதுல ரெண்டு விதமா தப்பு நடக்குது. ஒருத்தர் முதல் நாளே முழுசா திருகிடுவாரு. இன்னொருத்தர் பாசத்துல பத்து மணி நேரமும் ஊர்ந்துக்கினே போவாரு, அதுவும் கெடுதல் தான், லோடு குடுக்காம ஓட்டினா பிஸ்டன் ரிங் சுவர்ல சரியா உக்காராது, எரியாத பெட்ரோல் வழிஞ்சு ஆயில்ல கலக்கும். டிப்ஸ்டிக்குல ஆயில் அளவு குறையாம ஏறியிருந்தா மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சா இது தான் காரணம். அதனால வேகத்த ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கி ஓட்டுங்க.

இப்ப முக்கியமான டெஸ்டுக்கு வரேன். பிளக் வயர்ல சுத்தி மாட்டுற, ஆர்பிஎம் காட்டுற சின்ன டேக்கோமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க. அதுல செட்டிங் இருக்கும், சின்ன அவுட்போர்டுல பெரும்பாலும் ஒவ்வொரு சுத்துக்கும் பிளக் பொறி அடிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக் தானேன்னு ரெண்டு சுத்துக்கு ஒரு பொறின்னு வெச்சீங்கன்னா சும்மா நிக்கும்போதே டபுளா காட்டி பயமுறுத்தும். ரெண்டு மணி நேரம் தாண்டினதும் நீங்க நெஜமா மீனுக்கு போற லோட ஏத்துங்க, மூணு பேரு, ஐஸ் பெட்டி, பெட்ரோல், நங்கூரம் எல்லாம். காலி போட்ல டெஸ்ட் பண்ணா அந்த நம்பர் எதுக்கும் ஒதவாது. நேரான இடத்துல ரெண்டு நிமிஷம் முழு த்ராட்டில் குடுத்து ஆர்பிஎம் எங்க போய் நிக்குதுன்னு பாருங்க. என் என்ஜினுக்கு 5000லருந்து 6000க்குள்ள வரணும்.

எனக்கு 4650 தான் வந்துச்சு. வயித்த கலக்கிடுச்சு. கடைக்காரர் போன்ல "ஓட ஓட சரியாயிடும்"னாரு. சரியாவாது. என்ஜின் மேல தப்பில்ல, அவங்க போட்டுக் குடுத்த விசிறி 11 பிட்ச் (கணக்குப்படி ஒரு சுத்துக்கு எத்தனை இஞ்ச் முன்ன போகும்ங்கிறது தான் பிட்ச்), அது லைட்டான போட்டுக்கு, நம்ம லோடுக்கு அது மேட்டுல டாப் கியர்ல வண்டி ஏத்துற மாதிரி. பிட்ச்ல ஒரு இஞ்ச் குறைச்சா சுமாரா 150லருந்து 200 ஆர்பிஎம் ஏறும். 9 பிட்ச் மாத்தினேன், 5050 வந்துச்சு. கேக்கும்போதே சத்தம் வேற, முன்ன முக்கிக்கினு இருந்தது இப்ப அணியம், அதாவது போட்டோட முன்பக்கம், சட்டுனு படிஞ்சு போட் மேல எழும்பி ஓடுது. உங்களுக்கு 6000 தாண்டி, அதுக்கு மேல சுத்த விடாத லிமிட்டர் வெட்டுதுன்னா அப்படியே உல்டா, பிட்ச ஏத்தணும்.

வேகத்த போன் ஜிபிஎஸ்ல பாக்கலாம், ஆனா ஒரு பக்கம் மட்டும் ஓட்டி எழுதாதீங்க, நீரோட்டம் ஏமாத்தும். எனக்கு வடக்க போகும்போது 23.5 கிலோமீட்டர், திரும்பி வரும்போது 20.5, அப்ப நெஜ வேகம் 22. அணியம் அலைல தவளை மாதிரி குதிச்சுக்கினே இருந்தா என்ஜின் சாய்வ மாத்துற டில்ட் பின்ன ஒரு ஓட்டை உள்பக்கமா தள்ளிப் போடுங்க. பெட்ரோலுக்கு கேன விளிம்பு வரைக்கும் ரொப்பி, ஒரு மணி நேரம் 4000ல ஓட்டிட்டு, மறுபடி ரொப்ப எத்தனை லிட்டர் புடிச்சுதுன்னு அளந்துக்கோங்க. முழு த்ராட்டில்ல 10 ஹெச்பிக்கு மணிக்கு சுமார் 4 லிட்டர்னு ஒரு கணக்கு உண்டு, 4000ல ஏறக்குறைய பாதி தான் குடிக்கும். இதெல்லாம் முடிச்சதுக்கு அப்புறம் தான் அலை தாண்டி வெளிய போகணும், அதுவும் இன்காய்ஸ்னு மத்திய அரசோட கடல் தகவல் மையம் குடுக்கிற அலை முன்னறிவிப்ப பாத்துட்டு.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணில பத்து, பதினஞ்சு நிமிஷம் ஓட்டி உப்ப கழுவிடுங்க, தண்ணி கஷ்டம்னு இத விடாதீங்க. அப்புறம் கியர் ஆயில் திருகாணிய லேசா திறந்து ஒரு சொட்டு விரல்ல எடுத்துப் பாருங்க, பால் டீ கலர்ல இருந்தா சீல் வழியா தண்ணி போயிருக்கு, வாரன்டில இருக்கும்போதே போய் சண்டை போட்டு மாத்துங்க.

20 மணி நேரத்துல முதல் ஆயில் மாத்தியே ஆகணும், என்ஜின் ஆயில், கியர் ஆயில் ரெண்டும். அப்புறம் 100 மணிக்கு ஒரு தடவ. முதல் ஆயில்ல ஜிகினா மாதிரி மெலிசா மின்னுறது சகஜம், நகத்துல மாட்டுற அளவுக்கு துண்டு வந்தா தான் மெக்கானிக்க கூப்பிடணும்.

லோடு எவ்ளோ, விசிறி பிட்ச் என்ன, முழு த்ராட்டில் ஆர்பிஎம், வேகம், பெட்ரோல் எல்லாத்தையும் தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி போட்லயே பாலிதீன் கவர்ல வெச்சிருக்கேன். ஆறு மாசம் கழிச்சு அதே லோடுல 300 ஆர்பிஎம் குறைஞ்சிருந்துச்சு, என்ஜின கழட்டலாமான்னு யோசிக்கறதுக்கு முன்னாடி போட்ட கரை ஏத்தி கவுத்துப் பாத்தேன், ஆத்துலயே கட்டிப் போட்டதால அடி முழுக்க கொட்டலசு, அதாவது ஓட்டோட ஒட்டிக்கிற சின்ன கடல் உயிரு. சுரண்டிட்டு இறக்கினேன், பழையபடி 5050.