ஜப்பானில் நிலைத்து வாழ நினைப்பவர்கள் மொழி படிக்கும் விதம்

லீவில் கிளிநொச்சிக்கு வரும்போதெல்லாம் தம்பிமார் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணை, எத்தனை மாதத்தில ஜப்பான் மொழி கதைக்கலாம்?" சில வேலை விசாக்களுக்குக் கேட்கப்படும் என்4 என்ற ஜப்பான் மொழிச் சோதனையை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். போய் இறங்க அது போதும். அங்கேயே பத்துப் பதினைந்து வருடம் இருந்து, பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதத்தை இன்னொருவரிடம் நீட்டாமல் தானே வாசிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

முதலில், ஆங்கிலம் வழியாகப் படிப்பதை விடுங்கள், எங்களுக்கு அது சுற்றுப் பாதை. வினை கடைசியில் வருவதும், ஐ, கு, இல் மாதிரி உருபுகள் பெயருக்குப் பின்னால் வருவதும் தமிழிலும் ஜப்பான் மொழியிலும் ஒன்றுதான். 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. 'மிரு' தனியாக வந்தாலும் பார்ப்பதுதான். கொரெ, சொரெ, அரெ என்ற மூன்றையும் ஆங்கிலப் புத்தகம் படம் போட்டு விளக்கும். அம்மம்மா உங்கள் கையில் இருக்கும் சுளகைக் காட்டி "உதை இஞ்ச கொண்டு வா" என்கிறாவே, அந்த உதுதான் சொரெ, கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது. கொரெ இது, அரெ அது. தமிழ்நாட்டுப் பேச்சில் 'உது' போய்விட்டது, எங்களிடம் இருக்கிறது.

ஆனால் ஜப்பான் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். பல்கலைக்கழகத்துக்கும், படிப்பை இடையில் விட்டு விலகுவதற்கும் அங்கே முதல் எழுத்தின் ஒலி மட்டுமே வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டும் 'தைகக்கு'தான். நான் ஒரு கொப்பி முழுக்க அப்படி எழுதி, பிறகு அதை மூடிவைத்துவிட்டு அவர்களின் இரண்டு ஒலியெழுத்து வரிசைகளை, ஹிரகனா 46, கதகனா 46 என்று அடியிலிருந்து தொடங்கினேன். குறில் நெடிலில் மட்டும் எங்கள் காது நன்றாக வேலை செய்யும்: ஒபசன் மாமி, ஒபாசன் அம்மம்மா.

அப்புறம் கன்ஜி, சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகள். பொதுப் பாவனைக்கென்று அரசு வகுத்த பட்டியலில் 2136 எழுத்துகள். தனித்தனியாக மனப்பாடம் செய்தால் நிற்காது, சொல்லோடு படியுங்கள். ஒரு சதுரம் போட்டு நடுவில் குறுக்கும் நெடுக்கும் இரண்டு வரம்பு கட்டினால் அது வயல், உச்சரிப்பு 'த'. இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்த வீட்டுப் பிள்ளைக்கு அது மறக்குமா? அந்த வயலோடு நடு என்ற எழுத்தைச் சேர்த்தால் தனகா, உங்கள் மேலாளரின் பெயர்கூட அதுவாக இருக்கலாம்.

ஜூலையிலும் டிசம்பரிலும் வரும் ஜேஎல்பிடி சோதனையில் (என்4 அதில் ஒரு நிலை) பேச்சுப் பகுதி இல்லை, ஆகையால் உச்ச நிலையான என்1 எடுத்தவரும் கதைக்கத் தடுமாறுவார். அறையில் நாங்கள் நாலு பேர் தமிழிலேயே கதைத்துக்கொண்டு இருந்தால் வருடம் போய்விடும். பல நகரசபைகளில் தன்னார்வலர்கள் நடத்தும் வகுப்பு உண்டு, இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ, விசாரித்துச் சேருங்கள்.

கடைசிவரை இழுப்பது மரியாதைப் பேச்சு. வெளியாளிடம் உங்கள் மேலாளரைப் பற்றிச் சொல்லும்போது பெயருக்குப் பின்னால் மரியாதைக்குச் சேர்க்கும் 'சன்' போடாமல் வெறும் தனகா என்றுதான் சொல்ல வேண்டும், வினையும் பணிவாகத் தாழ்ந்து வரும். பெரியவரைப் பெயர் சொல்லாமல் வளர்ந்த எங்களுக்கு வாய் வராது. அதற்கு விதி படிப்பதைவிட, பக்கத்து மேசைக்காரர் போனில் சொல்லும் வசனத்தை அப்படியே எழுதி எடுங்கள். மூன்று வசனம் சேர்ந்ததும், அடுத்த முறை போன் அடிக்கும்போது நீங்களே எடுங்கள்.