கௌபாய் ஏக்கப் பாடல்களைக் கேட்க ஒரு வழி: கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள்

அமெரிக்கக் கிராமிய மரபில் வந்த கன்ட்ரி இசையில் குதிரை, தொப்பி, வெட்டவெளி என்று ஆரம்பித்தாலே அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிய பாட்டில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். ஏனென்றால் இந்தப் பாடகர்களில் பெரும்பாலானோர் ஏங்குவது நிஜமாக மாடு ஓட்டியவனை நினைத்து அல்ல, தங்களுக்கு முன்னால் வந்தவர்கள் பாடியும் நடித்தும் காட்டிய கௌபாயை நினைத்து.

முதலில் டோபி கீத்தின் 'ஷுட்வ் பீன் எ கௌபாய்', 1993. அதில் யார் யார் பெயர் வருகிறது என்று கவனியுங்கள். டிவித் தொடரில் வந்த மார்ஷல் தில்லன், மிஸ் கிட்டி, அப்புறம் சினிமாவில் குதிரைமேல் பாடிய ஜீன் ஆட்ரியும் ராய் ராஜர்ஸும்.

அடுத்தது ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் பாடிய 'அமரில்லோ பை மார்னிங்'. இதற்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள், டெக்சாஸ் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சான் அன்டோனியோவிலிருந்து அமரில்லோ சுமார் 800 கிலோமீட்டர், அந்தத் தூரத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் கடந்து காலையில் ரோடியோ (முரட்டுக் குதிரை, காளைமேல் ஏறிச் சவாரி செய்யும்) போட்டிக்கு நிற்க வேண்டியவன் பாடுகிறான். சேணம் ஓர் ஊரில் போயிற்று, கால் இன்னோர் ஊரில் உடைந்தது, மனைவியும் போய்விட்டாள், கையில் காசும் இல்லை. ஆனால் குரலில் புலம்பலே கிடையாது, அந்த வேலையை ஃபிடில் (வயலின்) பார்த்துக்கொள்கிறது. முதல் தடவை வரிகளை விட்டுவிட்டு ஃபிடிலை மட்டும் பின்தொடருங்கள்.

பிறகு 1959க்குப் போங்கள். மார்ட்டி ராபின்ஸின் 'எல் பாசோ' நாலரை நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு முழுக் கதை, அந்தக் கால ரேடியோவுக்கு அது ரொம்ப நீளம். கதையை ஒட்டி வளைந்து போகும் ஸ்பானிய பாணி கிட்டாரைத் தவறவிடாதீர்கள்.

அதற்கும் முன்னால், 1930களின் பாடும் கௌபாய் படங்கள். அவற்றின் பாட்டுகளை இரண்டு மூன்று கேட்டால் போதும், எல்லாம் ஒரே சாயல்.

கடைசியாக நிஜக் காலம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு டெக்சாஸ் மாடுகளைக் கான்சஸ் ரயிலடிக்கு ஓட்டிச் சென்றார்கள். முள்கம்பி வேலியும் தெற்கே நீண்ட ரயில் பாதையும் வந்ததும் சுமார் இருபது வருடத்திலேயே அந்தத் தொழில் ஓய்ந்துபோனது. ஓட்டியவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் நிறையப் பேர் இருந்தார்கள், பழைய சினிமாவில் அவர்களைத் தேட வேண்டியிருக்கும். அவர்கள் காலத்துப் பாடல்களை ஜான் லோமாக்ஸ் தொகுத்து 1910இல் புத்தகமாக்கினார். 'தி ஓல்ட் சிசம் டிரெயில்' பாட்டைக் கிடைத்தவரை அதிக அடிகளோடு கேளுங்கள். அதில் ஏக்கமே இல்லை: மழை, தூக்கமின்மை, மோசமான சாப்பாடு, கடைசியில் கூலி வாங்கப் போனால் நீதான் ஒன்பது டாலர் பாக்கி என்று கணக்குக் காட்டும் முதலாளி.