சத்துணவு மிச்சத்தைக் குறைக்க பிள்ளைங்களையே இறக்கி விடுங்க

மத்தியானம் பிள்ளைங்க தட்டு கழுவுற நேரத்துல குழாயடி பக்கெட்டை ஒருநாள் எட்டிப் பாருங்க, பாதிக்கு மேல சோறுதான் கிடக்கும். "உணவை வீணாக்காதே"ன்னு சுவத்துல எழுதி வச்சும் எங்க ஸ்கூல்ல ஒண்ணும் ஆகல, அப்புறம்தான் இப்படி பண்ணிப் பார்த்தோம்.

முதல் வாரம் யாரையும் திட்டாதீங்க, எடை மட்டும் போடுங்க. பழைய பேப்பர்காரர் வச்சிருப்பாரே, அந்த மாதிரி கொக்கித் தராசு ஒண்ணு போதும். பக்கெட் எடையைக் கழிக்கிறதே நாலாப்புக்கு ஒரு கணக்குதான். 100 கிராமுக்கு ஒரு சோடா மூடின்னு கிளாஸ்வாரியா சார்ட்ல ஒட்டச் சொல்லுங்க. பிள்ளைங்க பேரை மட்டும் போட்டுடாதீங்க, அவமானப்பட்டா சாப்பிடவே வராது.

எங்களுக்கு ஒண்ணாப்பு வரிசைதான் எகிறிப் போச்சு. பார்த்தா, அஞ்சாப்பு வரைக்கும் தலைக்கு 100 கிராம் அரிசின்னு ஒரே கணக்கு, வெந்தா ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடும், அஞ்சு வயசு வாண்டு அவ்ளோத்தையும் எப்படிங்க திங்கும்? அதனால ஒரு விரல் காட்டினா ஒரு கரண்டி, ரெண்டு விரல்னா ரெண்டு, பத்தலைன்னா திரும்ப வந்து வாங்கிக்கலாம்னு வச்சோம், படம் வரைஞ்சு ஒட்டினதும் பிள்ளைங்கதான். லைன் லேட்டாகும்னு சமையல் அக்கா முதல்ல முணுமுணுத்தாங்க, நாலு நாள்ல பழகிடுச்சு.

அப்புறம் பக்கெட்டைக் கிளறி எது அதிகமா ஒதுக்கப்படுதுன்னு பார்த்து, அது மேல கேஸ் போடுங்க! எங்க குற்றவாளி கறிவேப்பிலை. எட்டாப்புப் பொண்ணு ஜட்ஜ். "தொண்டையில ஒட்டுது யுவர் ஆனர்"னு ஒருத்தன், "அது இல்லாம சாம்பார் மணக்குமா"ன்னு இன்னொருத்தன், ஒரே ரகளை. பொடிசா கிள்ளிப் போடணும்னு தீர்ப்பு வந்துச்சு, அக்காவும் சிரிச்சிட்டே ஒத்துக்கிட்டாங்க.

அதுக்கும் மேல மிஞ்சுறதை உரமாக்கிடுங்க. பெயிண்ட் டப்பா அடியில, பக்கத்துல ஓட்டை போட்டு, ஒரு பங்கு மிச்சத்துக்கு மூணு பங்கு காஞ்ச சருகு, கூடவே சமையல்கட்டுல உரிச்ச முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டு, மூடி வச்சு வாரம் ரெண்டு தடவை கிளறி விடணும். நான் முதல் தடவை சருகே போடாம விட்டு, புழு வச்சு ஹெச்எம் ரூம் வரைக்கும் நாறி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ரெண்டு மாசத்துல மண்ணு மாதிரி உதிர்ந்துச்சுன்னா ரெடி. நாங்க அதுல கறிவேப்பிலைக் கன்னுதான் வச்சோம், தண்ணி ஊத்துறது அந்த சாம்பார் வக்கீல்.