லைவ் ராக்கோடு வந்த கூம்பு நத்தை: தொட்டியிலிருந்து எடுப்பது எப்படி?

உப்புநீர்த் தொட்டி வைக்கத் தொடங்குபவர்கள் மீனுக்கு வரும் நோயைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். தொட்டி வைத்திருப்பவருக்கே ஆபத்து வரலாம் என்று கடையில் யாரும் சொல்வதில்லை. விஷப் பல்லால் கொட்டும் கடல் நத்தையான கூம்பு நத்தை அப்படிப்பட்டது. சிலர் ஓட்டின் அழகில் மயங்கிக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். சிலருக்கு அது லைவ் ராக்கின் (தொட்டியில் வைக்கும், சிற்றுயிர்கள் வாழும் கடல் பாறை) இடுக்கில் ஒளிந்து இலவசமாகவே வந்து சேர்கிறது. தெரிந்தே வாங்காதீர்கள். தெரியாமல் வந்துவிட்டால் இப்படிச் செய்யுங்கள்.

படி 1: புதுப் பாறையைத் தனி வாளியில், உப்புநீரும் காற்றுக்குழாயும் வைத்து, சில வாரங்கள் ஒதுக்கி வையுங்கள். பாறைத் துளைக்குள் விரல் விட்டுப் பார்க்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

படி 2: இரவில் பாருங்கள். பகலில் கூம்பு நத்தை மணலுக்குள் புதைந்து கிடக்கும். இருட்டிய பிறகுதான் வேட்டைக்குக் கிளம்பும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சின் ஒளியை மணல்மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

படி 3: அடையாளம் காணுங்கள். ஐஸ்கிரீம் கோனைப் போல ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் குறுகியிருக்கும் ஓடு. அதன் வாய், ஓட்டின் நீளம் முழுவதும் ஓடும் ஒடுங்கிய பிளவு. மணலுக்கு மேல் சிறு குழல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் உடனே பதற வேண்டாம். மணலைச் சுத்தம் செய்ய நாம் வாங்கிவிடும் நசாரியஸ் நத்தைக்கும் அப்படிக் குழல் உண்டு. முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு நான் இரவு முழுவதும் தூங்கவில்லை! சந்தேகம் தீரும்வரை கூம்பு நத்தை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கையால் எடுக்காதீர்கள். புதியவர்கள் தவறுவது இங்கேதான். அகன்ற பக்கத்தைப் பிடித்தால் ஒன்றும் ஆகாது என்ற பேச்சை நம்பாதீர்கள். குறுகிய முனையிலிருந்து நீளும் துதிக்கை வளைந்து, பிடித்திருக்கும் விரலையும் எட்டலாம். அதன் நுனியில் இருப்பது உள்ளே துளையுள்ள, முள் வைத்த ஈட்டி போன்ற ஒற்றைப் பல். எய்த பல் போனால் அடுத்தது பின்னால் தயாராக இருக்கும். மெல்லிய ரப்பர் கையுறை இதைத் தடுக்காது. 1935இல் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் ஓர் இளைஞர் இத்தகைய நத்தையை உள்ளங்கையில் வைத்துக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது கொட்டுப்பட்டு, சில மணி நேரத்தில் இறந்தார்.

நீளமான இடுக்கியால் தூக்கி, மூடியுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். பை, சட்டைப்பை கூடவே கூடாது. கடலிலோ சாக்கடையிலோ கொட்டாமல், அருகில் உள்ள கடல்சார் ஆய்வு நிலையத்தைக் கேட்டு ஒப்படையுங்கள்.

படி 5: கொட்டிவிட்டால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள். மனிதரைக் கொல்லக்கூடிய கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற கூம்பு நத்தை வகை கொட்டினால் பல நேரம் வலியே பெரிதாகத் தெரியாது. உதடு மரத்துப்போவது, பார்வை இரண்டாகத் தெரிவது, இமை சரிவது, விழுங்க முடியாமல் போவது ஆகியவை அடுத்தடுத்து வரலாம். இதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. அறுக்கவோ உறிஞ்சவோ வேண்டாம். கை முழுவதும் அகலமான கட்டுத்துணியை இறுக்கமாகச் சுற்றி, அசையாமல் வைத்து, 108ஐ அழையுங்கள். மூச்சு நின்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை செயற்கை சுவாசம் கொடுங்கள். கண் திறக்க முடியாமல் கிடப்பவருக்கு நினைவு தெளிவாக இருக்கலாம். மூச்சு கொடுப்பதற்கு இடையிடையே அவர் காதில் விழும்படி பேசுங்கள்.