ஜாயினில் நின்றுபோன நிரல்

பெங்களூரு அல்சூரில் தங்கியிருந்தபோது, கேமராப் படங்களை, ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் நான்கு புராசஸ்களுக்கு (சேய் நிரல்களுக்கு) பிரித்துக் கொடுக்கும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதினேன். ஒவ்வொரு புராசஸும் தன் முடிவை மல்டிபிராசஸிங் கியூவில், அதாவது புராசஸ்கள் தரவைக் கைமாற்றிக்கொள்ளும் வரிசையில் போடும். தாய் நிரல் நான்கையும் ஜாயின் செய்துவிட்டு, அதாவது அவை முடியும்வரை காத்திருந்துவிட்டு, பிறகே கியூவிலிருந்து எடுத்துக்கொள்ளும். சிறிய படங்களுக்குச் சரியாக ஓடிய அந்நிரல், பெரிய படங்களைக் கொடுத்ததும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் அப்படியே நின்றுவிட்டது. நினைவகம் போதவில்லையோ என்று சந்தேகித்தே இரண்டு நாள்களை வீணாக்கினேன்.

அலுவலகத்தில் மூத்தவரான மதுரைக்கார அண்ணன் ஒருவர்தான், "முதல்ல எடு தம்பி, அப்புறம் காத்திரு" என்றார். கியூவில் போடப்படும் பொருள் பிக்கிள் முறையில் பைட்டுகளாக மாற்றப்பட்டு, அந்தப் புராசஸுக்குள்ளேயே ஓடும் பின்னணி இழை (thread) ஒன்றின் வழியாகப் பைப் எனும் தரவுக் குழாயில் எழுதப்படுகிறது. லினக்ஸில் அந்தப் பைப்பின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட்டுகள் மட்டுமே என்பதால், அது நிரம்பியதும் மறுமுனையில் படிக்கப்படும்வரை எழுதும் இழை நின்றுவிடுகிறது. அந்த இழை முடியாமல் சேய்ப் புராசஸும் முடியாது. தாயோ, சேய் முடியட்டும் என்று காத்திருக்கிறது.

நான்கு முடிவுகளையும் முதலில் கெட் செய்து (கியூவிலிருந்து எடுத்து), அதன்பின் ஜாயினை வைத்தேன். வரிகளை இடம் மாற்றியதுதான் முழுத் திருத்தமும். பெரிய படங்களைப் பிக்கிள் செய்வதே வீண்செலவு என்று தோன்றியதால், பைத்தான் 3.8 முதல் கிடைக்கும், எல்லாப் புராசஸ்களும் நேரடியாகப் படிக்கக்கூடிய பகிர்வு நினைவகத்தில் படத்தை வைத்து, அதன் பெயரையும் அளவையும் மட்டுமே இப்போது கியூவில் அனுப்புகிறேன். வேலை முடிந்ததும் அன்லிங்க் செய்யாவிட்டால், அதாவது அந்த நினைவகத்தை நீக்கச் சொல்லாவிட்டால், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த இடம் விடுபடாது. அதையும் நான் ஒருமுறை மறந்தேன்.